ஒன்னுக்குப் போனால் ஒரு கோல்

மெத்தைக் கடைக்காரர் அந்த சீசன் முழுக்கத் தன் அணி அடித்த ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அணி அடித்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும், அவர் கேலரிக்குப் பின்னாலிருந்த கழிப்பறையில் வெள்ளைப் பீங்கானைப் பார்த்தபடி நிற்கும் நேரமாகப் பார்த்து விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே 'ஹோ'வென்று எழும்பும். இந்தப் பக்கம் இவர் ஒரு கையால் சுவரைத் தாங்கிக்கொண்டு, "வந்து தொலை, வந்து தொலை" என்று வராத ஒன்றைக் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

இதை முதலில் கவனித்தவர் கணக்கு வாத்தியார். "ஒரு தடவைன்னா தற்செயல். ஒவ்வொரு தடவையும்னா அது தேற்றம்" என்றார். அதோடு மெத்தைக்காரரின் உட்காரும் உரிமை போயிற்று. அணி ஒரு கோல் வாங்கியதும் பக்கத்தில் இருக்கும் சலூன்காரர் அவர் தொடையைத் தட்டுவார்.

"அண்ணே, எந்திரிங்க."

"இப்பதானேய்யா போய்ட்டு வந்தேன்?"

"டீமுக்காகண்ணே. போய் சும்மாவாவது நில்லுங்க."

முனகிக்கொண்டே எழுவார். முனகல் நடிப்பு. தட்டாவிட்டாலும் அவர் எழுந்துதான் இருப்பார். இருக்கையில் அவர் இருந்த நேரத்தைவிட அது காலியாக இருந்த நேரம்தான் அதிகம். ஏன் இத்தனை முறை என்று யாரும் கேட்காமலிருக்க இப்படியொரு சாக்கு கிடைத்ததில் அவருக்கு உள்ளூர சந்தோஷம். உள்ளே பஞ்சு கிழிந்த மெத்தைக்குப் பூப்போட்ட உறை கிடைத்த மாதிரி. அப்படி எத்தனை மெத்தையை அவரே தள்ளிவிட்டிருக்கிறார்!

அவர்கள் நான்கு பேர். மெத்தைக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாத்தியார், எல்லோருக்கும் இளையவரான சலூன்காரர். இளையவர் என்றால் அவருக்கும் தலை நரைத்து மை பூசியாகிவிட்டது. சொந்தக் கடை, செலவில்லை. நால்வரையும் சேர்த்துவைத்தது அந்த அணியின் மீதான அன்பு என்று சொல்லலாம். வாங்கிய அடி என்பதே சரி. அவர்களுடைய கோல்கீப்பர் கொட்டும் மழையில் கையை நீட்டினாலும் ஒரு சொட்டைப் பிடிக்கத் தெரியாதவர். தடுப்பாட்டக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். எதிரணிக்காரர் வந்தால் விலகி வழிவிடுவார்கள்.

மூன்று கோலில் தோற்றால் அன்று ஆட்டம் பரவாயில்லை. நான்கென்றால் வருத்தம். ஐந்தைத் தொட்டுவிட்டால் துக்க வீடு. அன்றைக்கு நால்வரும் நேராக மைதானத்துக்குப் பின்னாலுள்ள டீக்கடைக்குப் போவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்: 'அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்' என்று யாரும் சொல்லக் கூடாது. முன்பொரு முறை ஐந்து கோல் தோல்விக்குப் பிறகு சலூன்காரர் அப்படித்தான் ஆறுதல் சொன்னார். அடுத்த மேட்சில் எட்டு விழுந்தது. அன்றிலிருந்து 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் எல்லோருக்கும் டீ அவர் செலவு.

அந்த வார்த்தையைத்தான் மெத்தைக்காரர் சில நாளாக யாருக்கும் கேட்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயதிருக்கும். பயாப்சி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ப்ராஸ்டேட்ல கேன்சர் இருக்கு. ஸ்கோர் மூணு பிளஸ் நாலு, ஏழு."

வாழ்நாள் முழுக்க ஃபுட்பால் பார்த்தவரின் மூளை வேறெப்படி வேலை செய்யும்? "மூணுக்கு நாலா? அப்ப கிட்டத்துல வந்துதான் தோத்திருக்கோம்" என்றார்.

டாக்டரம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, ஊசியால் எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், கூட்டுத்தொகை பத்து என்றால் ரொம்ப மோசம், ஏழு நடுத்தரம், அதிலும் முன்னால் நிற்பது நாலாக இல்லாமல் மூணாக இருப்பது கொஞ்சம் நல்லது என்று பொறுமையாக விளக்கினார். "இன்னும் சுரப்பியைத் தாண்டி வெளிய போகல. இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"முழுசா எடுக்கணுமாம்மா? பாதி எடுத்தாப் போதாதா?"

"பாதியெல்லாம் கிடையாது."

"சரி, சீசன் முடியட்டும்."

"மெத்தைக்கு ஏது சீசன்?"

"ஃபுட்பாலுக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மெத்தைக்காரருக்குத் தெரிந்த கடைசி வித்தை ஒன்றுதான்: பேரம் படியாவிட்டால் எழுந்து மெதுவாக வாசலை நோக்கி நடப்பது. எந்தக் கடைக்காரரும் பின்னாலிருந்து கூப்பிட்டே தீருவார். நடந்தார். கதவுவரை நடந்து, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்தும் பார்த்தார். கூப்பிட்டார்கள், அடுத்த நோயாளியை.

கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. பயாப்சி எடுத்த அன்றைக்கே பஞ்சு லோடு பார்க்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். ஊசி போட்ட இடம் அப்படிப்பட்ட இடம். கடை நிறைய மெத்தை இருந்தும், உட்கார வழியில்லாமல் அன்று முழுக்க நின்றுகொண்டே, "இதுல உக்காந்து பாருங்க சார், எந்திரிக்க மனசே வராது" என்று வியாபாரம் செய்தார்.

ஏழு-பூஜ்யம் ஆட்டம் நடந்த அன்று விஷயம் உடைந்தது.

இரண்டாம் பாதியில் சலூன்காரருக்குத் தொடையைத் தட்டித் தட்டிக் கை வலித்திருக்கும். ஐந்தாவது கோல் விழுந்ததும் மெத்தைக்காரர் சொல்லாமலே எழுந்தார். கழிப்பறையில் ஆளில்லை. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள், வேலை முடிந்தது, குழாய் திறந்தது, மூடியது. காலடிச் சத்தம் மட்டும் வெளியே போகவில்லை.

"யோவ் மெத்தை." டிரைவரின் குரல். "எவ்வளவு நேரமா நிக்கிற?"

"இப்பதான் வந்தேன்."

"நான் வந்து, போய், கை கழுவியாச்சு. நீ இன்னும் டாஸே போடலியே?"

"டீமுக்காக நிக்கிறேன்யா."

"டீமுக்காக நிக்கிறவன் எதுக்கு செவுத்துல நெத்திய முட்டிக்கிறான்?"

வெளியே கூட்டம் 'ச்சே' என்றது. ஆறாவது.

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூணு பிளஸ் நாலுன்னாங்க."

டிரைவர் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, இன்றைக்கு வெயில் எப்படி என்று கேட்பது போலக் கேட்டார்: "மூணு முன்னாடியா, நாலு முன்னாடியா?"

மெத்தைக்காரர் சட்டென்று முழுசாகத் திரும்பினார். பிறகு தான் நிற்கும் கோலம் ஞாபகம் வந்து மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"எனக்கு நாலு முன்னாடி."

தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மக வீட்டுக்குப் போறேன்னு கொஞ்ச நாள் வராம இருந்தேன்ல? மக வீடாவது ஒன்னாவது. ஆஸ்பத்திரி. எடுத்துட்டாங்க."

"எங்ககிட்ட ஏன்யா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், பிரேக் புடிக்கலைன்னா சொல்றது? தும்மினாப் போச்சு. இருமினாப் போச்சு. டயப்பர் கட்டிக்கிட்டுதான் மேட்ச்சுக்கு வந்தேன். சிரிக்காம இருந்தாத் தப்பிச்சுக்கலாம், நம்ம டீம் ஆட்டத்தப் பாத்தா எவனுக்குச் சிரிப்பு வரும்னு தைரியமா வந்தேன். நம்ம கோல்கீப்பர் பந்த விட்டுட்டுக் கம்பத்தப் புடிச்சான் பாரு, அன்னிக்கு…"

"நனஞ்சிருச்சா?"

"முழுசா."

மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கூடவே கண்ணும் கலங்கியது. அதைச் சுவர் மட்டும் பார்த்தது.

"இப்ப?"

"இப்ப சரியாப் போச்சு. கொஞ்ச மாசம் எடுத்துச்சு."

"அப்புறம்…" மெத்தைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மத்த விஷயம்?"

"அது இஞ்சுரி ஆகி பெஞ்சுல உக்காந்திருக்கு. அப்பப்ப எந்திரிச்சு வார்ம்-அப் பண்ணுது. எறக்கி விடறதான்னு கோச்சு இன்னும் முடிவு பண்ணல."

"கோச்சு யாரு?"

"வேற யாரு, என் வீட்டுக்காரிதான். அத விடு. உனக்கு ஆபரேஷன் எப்ப?"

"இந்த மாசத்துக்குள்ளன்னாங்க. நான்தான் சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்னு…"

டிரைவரின் ஆட்காட்டி விரல் மேலே எழும்பியது. ரெஃபரி அட்டை காட்டுவது போல.

"டீ வாங்கு" என்றார்.

டீக்கடையில் ஏழு கோலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுவே அந்தக் கடை கண்டிராத அதிசயம். விஷயத்தை டிரைவர்தான் போட்டு உடைத்தார், முதலில் தன்னுடையதை, பிறகு மெத்தைக்காரருடையதை. வாத்தியார் கையிலிருந்த கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமலே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் தேற்றம்…" என்று மெத்தைக்காரரைப் பார்த்து இழுத்தார். "சார், நீங்க பாதி மேட்ச் உள்ளதான இருந்திருக்கீங்க? பாதி நேரம் ஒருத்தர் ஒரே எடத்துல நின்னா, விழுற கோல் அந்த நேரத்துலதான் விழும். இதுல என்ன தேற்றம்? ஒன்பதாங் கிளாஸ் பையன் புடிச்சிருப்பான் இந்தத் தப்ப."

சலூன்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "அண்ணே, நாங்கதானே உங்கள வெரட்டி வெரட்டி அனுப்பினோம்? ஒரு நாளாவது ஏன்னு கேட்டோமா?"

"கேட்டிருந்தா பொய்தான்யா சொல்லியிருப்பேன். நீங்க அந்த சிரமத்தக்கூடக் குடுக்கல."

"எனக்கும் அடிக்கடி வருதுண்ணே" என்றார் சலூன்காரர், இன்னும் சுருங்கி.

"ரெண்டு பேரும் போய் ரத்தம் குடுத்துப் பாருங்க" என்றார் டிரைவர்.

"பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டியிருக்கு" என்றார் வாத்தியார். "அடுத்த மாசம் பாத்து…"

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டு, கடைக்காரரிடம் விரலால் இன்னொரு நாலு டீ என்று காட்டினார்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்றார் சலூன்காரர்.

மெத்தைக்காரர் டீயில் எதையோ தேடினார்.

"கேப்டனுக்குச் சொல்லாம ஒரு ஆட்டமா?" என்றார் டிரைவர். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ சொல்ற. இல்ல, நாங்க மூணு பேரும் கடைக்கு வந்து மெத்த வாங்குறோம்."

மூன்று பேரும் சேர்ந்து மெத்தை வாங்க வந்தால் மனைவிக்கு உடனே சந்தேகம் வரும். இத்தனை வருடத்தில் ஒரு தலையணைகூட வாங்காதவர்கள்.

மறுநாள் கடையில் ஓர் அம்மாள் தலையணை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அதை உறைக்குள் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கூட ஆள் இருந்தால் கத்த மாட்டாள் என்பது மெத்தைக்காரரின் கணக்கு. இன்னொரு கணக்கும் போட்டிருந்தார். வியாபாரத்தில் முதலில் யானை விலை சொல்ல வேண்டும். கடைசியில் குதிரை விலை கேட்கும்போது அப்பாடா என்றிருக்கும்.

"கடைய ஆறு மாசம் மூடிடலாமான்னு யோசிக்கிறேன்."

"ம்" என்றாள் மனைவி, உறையின் மூலையை இழுத்துச் சரிசெய்தபடி.

"இல்லன்னா மொத்தமா வித்துட்டு எங்கியாவது போயிடலாம்."

"என்னங்க, மேல ஏத்திச் சொல்லிட்டு அப்புறம் கீழ எறக்கப் போறீங்க. நான் என்ன இந்தக் கடைக்கு நேத்து வந்தவளா? கடைசி விலையச் சொல்லுங்க."

"கேன்சர்."

மனைவியின் கை நிற்கவில்லை. உறையின் ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக இழுத்து மூடினாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எங்க?"

"கீழ. ப்ராஸ்டேட். ஆபரேஷன் பண்ணா எடுத்துடலாமாம்."

"எப்பத் தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"அந்தப் பஞ்சு லோடு?"

"பஞ்சு லோடு இல்ல."

தலையணையாலேயே ஒரு போடு போட்டாள். தோளில் விழுந்தது. இன்னொன்று தலையில். மூன்றாவதுக்கு ஓங்கியவள், ஓங்கின தலையணையை அப்படியே நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த இரட்டை மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். மெத்தை மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் சரசரக்க, மெத்தைக்காரர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஸ்பிரிங் மெத்தை, இவர் உட்கார்ந்ததும் அவள் கொஞ்சம் இவர் பக்கம் சரிந்தாள். அப்படியே இருந்தாள்.

வந்திருந்த அம்மாள் மெல்லக் கேட்டார்: "அந்தத் தலகாணி எவ்வளவும்மா?"

"இது விக்கிறதுக்கில்ல" என்றாள் மனைவி.

அன்றைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போனது. புருஷன் தள்ளிப்போடப் பேரம் பேசிய இடத்தில் பெண்டாட்டி முன்னால் இழுக்கப் பேரம் பேசினாள். "மாசத்துக்குள்ளன்னா மாசக் கடைசியா? ஏன், இந்த வாரம் ஆகாதா?" கடைசியில் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகும் ஒரு வெள்ளிக்கிழமை படிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நண்பர்களும் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், தன் காலிலேயே பெரிய கட்டோடு, அவர்களைப் பார்த்து, "நீங்க அந்த டீமா? அடப்பாவமே" என்று எழுந்து வாத்தியாருக்கு இடம் கொடுத்தார்.

ஸ்ட்ரெச்சர் நகரும் முன் டிரைவர் குனிந்தார். "பயப்படாதய்யா. மயக்க மருந்து போட்டா நம்ம கோல்கீப்பர் மாதிரிதான். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் முழிப்பு வரும்."

மெத்தைக்காரர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். கதவு சாத்தியதும் டிரைவர் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதை மனைவிதான் பார்த்தாள். தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, "உக்காருங்கண்ணே, உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

சீசனின் கடைசி ஆட்டம் வெளியூரில். தோற்றால் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும். வெளியூர் ஆட்டங்களை அவர்கள் மெத்தைக் கடையில், பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, டி.வி.யில் பார்ப்பதுதான் வழக்கம். வாத்தியார் ரப்பர் மெத்தையிலும், டிரைவர் பஞ்சு மெத்தையிலும், சலூன்காரர் குழந்தை மெத்தையிலும் படுத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் வாத்தியாருக்கும் சலூன்காரருக்கும் ஒன்றுமில்லை. சலூன்காரருக்கு டீயைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நம்ம டீமைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள் என்று வந்துவிட்டார்.

மெத்தைக்காரர் கடையிலேயே உசத்தியான மெத்தையில், முதுகுக்கு நான்கு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஒன்று மட்டும் விற்பனைக்கு இல்லாதது. வேட்டிக்குள்ளிருந்து ஒரு குழாய் இறங்கிப் பக்கத்தில் தொங்கிய பைக்குப் போனது. பை யார் கண்ணிலும் படாமலிருக்க மனைவி தலையணைத் துணியிலேயே ரோஜாப் பூப்போட்ட உறை தைத்து மாட்டியிருந்தாள். பூப்போட்ட உறை தன்னைவிட்டுப் போகாது போலிருக்கிறது என்று மெத்தைக்காரர் நினைத்துக்கொண்டார்.

மூன்று விழுந்தது. நான்கு விழுந்தது. ஐந்தாவது விழுந்ததும் சலூன்காரர் பழக்கதோஷத்தில், "அண்ணே, எந்திரி…" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எந்திரிக்கவே வேணாம்யா" என்றார் மெத்தைக்காரர். "போய்க்கிட்டேதான் இருக்கேன்."

குழாயைச் சுட்டிக் காட்டினார்.

மூவரும் குழாயைப் பார்த்தார்கள். பிறகு பையை. பிறகு, ஏனென்று அவர்களுக்கே தெரியாமல், மெல்ல டி.வி.யின் பக்கம் திரும்பினார்கள். அங்கே எதிரணிக்காரர் ஒருவர் பந்தை வெளியே தள்ள ஓங்கி உதைத்தார். பந்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்த அவர்கள் அணிக்காரரின் முதுகில் பட்டுத் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத மூலையில் போய் விழுந்தது. கோல் அடித்தவருக்கே பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

மெத்தைக்காரர் பார்த்துவிட்டார். முழுசாக, முதலிலிருந்து கடைசிவரை, கண்ணால் பார்த்துவிட்டார்.

சலூன்காரர் குழந்தை மெத்தையில் குதித்தார். டிரைவர் சிரித்துச் சிரித்து எழுந்து உள்ளே ஓடினார். பிரேக் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை போலிருக்கிறது. "சிரிக்க வைக்காதீங்கடா, தையல், தையல்" என்று மெத்தைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். "தேற்றம் உசுரோட இருக்கு!" என்று வாத்தியார் மேஜையைத் தட்டினார். என்னவோ ஏதோவென்று வீட்டுப் பக்கமிருந்து ஓடிவந்த மனைவி, ஸ்கோரைப் பார்த்தாள்: ஒன்றுக்கு ஐந்து. "இதுக்கா?" என்றாள்.

ஆறாவதும் விழுந்தது. விசில் ஊதியது. அணி கீழே இறங்கியது. திரையில் வீரர்கள் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவிதான் பையின் உறையைச் சரிசெய்துகொண்டே, பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம். முழுசாப் போயிடுச்சான்னு அப்பதான் சொல்லுவாங்களாம்."

டிரைவர் தரையைப் பார்த்தார். சலூன்காரர் வாயைத் திறந்து மூடினார். எல்லோர் நாக்கிலும் ஒரே வார்த்தை இருந்தது; அதைச் சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இல்லை.

"மூணு மாசம்னா புது சீசன் ஆரம்பிச்சிருக்கும்ல?" என்றார் மெத்தைக்காரர்.

"கீழ் டிவிஷன்ல" என்றார் வாத்தியார்.

"அங்கயும் நமக்கு அடிதான் விழும்."

"விழும்."

"சரி." மெத்தைக்காரர் தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தினார். "அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சலூன்காரர் விரலைத் தூக்கப் போனார். டிரைவர் அதைப் பிடித்து மடக்கினார்.

"விடுய்யா, சட்டம் சட்டம்தான்" என்று மெத்தைக்காரர் காலைத் தரையில் ஊன்றி மெல்ல எழுந்தார். மனைவி ஒரு பக்கம் தாங்கினாள். குழாய் இழுபடாமல் சலூன்காரர் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஒடம்போட எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஆறு கோல் வாங்கியிருக்கோம். எல்லாருக்கும் நான் டீ வாங்கித் தரணும்."

ரோஜாப் பூப்போட்ட பையைச் சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பியவர் போலக் கையில் தூக்கிக்கொண்டார். டிரைவர் முன்னால் போய் ஷட்டரை முழுசாக மேலே தூக்கினார்.